நல்ல நாளில் திறந்த கதவு

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றைப் பற்றிய பேச்சானால் இதை நாம் அனைவரும் உடனே ஒப்புக்கொள்வோம். ஆனால் நம் தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தைப் பற்றி என்றேனும் இவ்வாறு எண்ணிப் பார்த்திருக்கிறோமா? காதணி விழாவுக்கும் தேர்தல் நாளுக்கும் மட்டுமே திறக்கப்படும் அந்தக் கூடம், கொள்ளைநோய்க் காலத்தில் அத்தெருவின் குடும்பங்கள் அனைத்துக்கும் புகலிடமாக விளங்க முடியும். ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோய் வந்த பிறகு சாவியைத் தேடிப் பயனில்லை. நோயற்ற நாட்களிலேயே அதன் கதவு திறந்திருக்க வேண்டும். இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து இது ஒன்றே.

கூடம் என்று இங்கே நாம் கூறுவது நான்கு சுவர்களையும் ஒரு கூரையையும் மட்டும் அன்று. அங்கன்வாடி மையம், சத்துணவுக் கூடம், மகளிர் சுயஉதவிக் குழுவினர் கூடும் இடம், பங்கு ஆலயத்தின் மண்டபம், அன்பியக் கூட்டம் நடைபெறும் வீடு ஆகிய எதுவும் கூடமாகலாம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் தயக்கமின்றி வந்து போகும் இடம் எதுவோ, அதுவே அந்தத் தெருவின் கூடம்.

அன்று நடந்தது என்ன?

2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 17 முதல் தமிழகத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள் என்று அரசு கேட்டுக்கொண்டது. நோயைத் தடுக்க அது தேவையான கட்டளைதான். ஆனால் அக்கட்டளை எல்லா வீடுகளிலும் ஒரே பொருளைத் தரவில்லை. மாதச் சம்பளம் வரும் வீட்டில் அது ஓய்வாக இருந்தது. கொத்தனார், சித்தாள், பூ விற்கும் பெண்மணி, வீட்டு வேலை செய்யும் தாய்மார், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரின் வீடுகளில் அது மறுநாள் அடுப்பு எரியுமா என்ற கேள்வியாக இருந்தது.

பள்ளி மூடப்பட்டதும் பாடம் மட்டுமா நின்றது? 1956இல் பெருந்தலைவர் காமராசர் தொடங்கிவைத்து, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். அவர்களால் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கப்பட்ட மதிய உணவும் பிள்ளைகளின் தட்டிலிருந்து மறைந்தது. இதன் ஆபத்தை உணர்ந்த உச்சநீதிமன்றம், பள்ளிகளும் அங்கன்வாடிகளும் மூடியிருக்கும் காலத்தில் பிள்ளைகளின் உணவு தடைப்படுவது குறித்து 2020 மார்ச் 18ஆம் நாள் தானாகவே முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. பின்னர் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் உலர் பொருள்களாக வழங்கப்பட்டன.

தமிழக அரசு அரிசி அட்டை வைத்திருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1,000 ரூபாயும், 2020 ஏப்ரல் மாதத்துக்குரிய அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் விலையின்றி வழங்கியது. இரண்டாம் அலை வீசிய 2021இல் இரு தவணைகளாக 4,000 ரூபாயும், 14 வகை மளிகைப் பொருள்கள் கொண்ட தொகுப்பும் அளிக்கப்பட்டன. ரேஷன் கடையில் கூட்டம் சேராதிருக்க நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் வழங்கப்பட்டன. ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற அம்மா உணவகங்கள், மற்ற கடைகள் அடைபட்டிருந்தபோதும் சோறு வடித்தன. இவற்றையெல்லாம் நன்றியோடு நினைவுகூர்வது நம் கடமை.

பெயரேடும் பழகிய முகமும்

இத்தனை உதவிகளும் எந்த வழியாக வீடுகளைச் சென்றடைந்தன என்பதைச் சற்றே ஆராய்வோமா? கோட்டையில் கையெழுத்தாகும் ஆணை கோணல் சந்தின் கடைசி வீட்டை அடைய வேண்டுமானால், அந்தச் சந்தை அறிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் அங்கன்வாடிப் பணியாளர்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் 1975ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளான அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. இன்று தமிழகத்தில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, தாய்மாருக்கான நலக்கல்வி, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை என்னும் ஆறு பணிகள் அங்கே நடைபெறுகின்றன. எந்த வீட்டில் கருவுற்ற தாய் இருக்கிறார், எந்தக் குழந்தையின் எடை சென்ற மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, எந்தக் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போது என்பதெல்லாம் அங்கன்வாடி ஆசிரியையின் பெயரேட்டில் எழுதப்பட்டிருக்கும்.

ஊரடங்கில் மையத்தின் கதவு மூடப்பட்டது. ஆனால் பெயரேடு மூடப்படவில்லை! குழந்தைகள் மையத்துக்கு வர முடியாதபோது சத்துமாவும் முட்டையும் அரிசியும் பருப்பும் குழந்தைகளின் வீட்டுக்குச் சென்றன. முகக்கவசம் அணிந்த ஆசிரியையும் உதவியாளரும் வாசலில் நின்று அழைத்தபோது, உள்ளேயிருந்த தாய் அச்சமின்றிக் கதவைத் திறந்தார். காரணம், அந்தக் குரல் அவருக்குப் பழகிய குரல். எங்கிருந்தோ வந்த ஒருவர் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டால், பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அஞ்சி இல்லை என்று சொல்லிவிடுவர். நேற்றுவரை நம் குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் கேட்டால் உண்மையைச் சொல்லுவர். நோய்க்காலத்தில் இந்த நம்பிக்கை மருந்துக்குச் சமம் என்றால் மிகையாகாது. இந்நம்பிக்கையை விலைகொடுத்து வாங்க இயலாது. ஒரே நாளில் விளைவிக்கவும் இயலாது.

இதன் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். பெயரேட்டில் இல்லாதவர்களின் நிலை என்ன? பிற மாநிலங்களிலிருந்து வந்து இங்கே கட்டட வேலை செய்தவர்களும், வெளியூரிலிருந்து பிழைக்க வந்து குடும்ப அட்டையைச் சொந்த ஊரில் வைத்திருந்தவர்களும் திகைத்து நின்றார்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழகம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது 2020 அக்டோபர் 1 அன்றுதான். அதற்குள் ஆறு மாதங்கள் கடந்துவிட்டன. ஊருக்கு நடந்தே புறப்பட்டவர்களை நாடே கண்டது. தெருவில் ஒருவரும் அறியாதவராக வாழ்வது எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிற ஊர்கள் காட்டும் வழி

நம் அண்டை மாநிலமான கேரளம் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே சமூக அடுக்களைகளைத் திறந்தது. உள்ளாட்சி மன்றங்களும் குடும்பஸ்ரீ பெண்களும் இணைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சமைத்து, பொட்டலம் கட்டி, இளைஞர்கள் வாயிலாக வீடுகளுக்கு அனுப்பினர். இத்தனை விரைவு எப்படி வந்தது? 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ அமைப்பில் பத்து முதல் இருபது வீடுகளைச் சேர்ந்த பெண்கள் ஓர் அயல்கூட்டமாகக் கூடுவர்; சேமிப்பர்; கடன் பெறுவர்; தொழில் செய்வர். சமைக்கத் தெரிந்த கைகள் எவை, கணக்கு எழுதத் தெரிந்தவர் யார், தனியே வாழும் முதியவர் எந்த வீட்டில் என்பதையெல்லாம் அவர்கள் 22 ஆண்டுகளாக அறிந்திருந்தார்கள். அடுப்பு மட்டுமே புதியது, கூட்டம் பழையது!

அடுத்து மும்பையின் தாராவி. தமிழர் பெருந்தொகையினராக வாழும் பகுதி அது. சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலத்தில் பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். பெரும்பாலான குடும்பங்கள் பொதுக் கழிப்பிடங்களையே நம்பியிருப்பவை. 2020 ஏப்ரல் 1ஆம் நாள் அங்கே முதல் நோயாளி கண்டறியப்பட்டபோது, தாராவி என்ன ஆகுமோ என்று உலகமே அஞ்சியது. ஓர் அறையில் பத்துப்பேர் வாழும் வீட்டில் தனித்திருத்தல் எங்ஙனம் இயலும்? ஆகவே பள்ளிகளும் திருமண மண்டபங்களும் விளையாட்டு அரங்கும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. அப்பகுதியிலேயே பல ஆண்டுகளாகச் சிறு மருத்துவமனை நடத்திவந்த மருத்துவர்கள் கவச உடை அணிந்து சந்து சந்தாகச் சென்று காய்ச்சலைச் சோதித்தனர். 2020 ஜூலை மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர், நோயைக் கட்டுப்படுத்திய இடங்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். அங்கும் உதவியவை, மக்கள் அறிந்த கூடங்களும் மக்கள் அறிந்த முகங்களுமே.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு ஒளிமிக்க சான்று உண்டு. பிரான்சு நாட்டில் பிறந்த ரோசலி ரெந்து என்னும் பெண் 1802ஆம் ஆண்டு, தம் பதினைந்தாம் வயதில், புனித வின்சென்ட் தே பவுல் நிறுவிய பிறரன்புப் புதல்வியர் சபையில் சேரப் பாரிஸ் மாநகர் வந்தார். நம்முள் பலருடைய வயதுதான் அவருக்கு! மூஃப்தார் என்னும் ஏழ்மை மிகுந்த பகுதிக்கு அனுப்பப்பட்ட அவர், ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே தொண்டாற்றினார். இலவச மருத்துவ நிலையம், மருந்தகம், பள்ளி, குழந்தைகள் காப்பகம் என ஒவ்வொன்றாக அப்பகுதியில் மலர்ந்தன. 1832இல் பாரிஸ் நகரை வாந்திபேதி என்னும் காலரா சூறையாடியபோது, அச்சகோதரியர் நோயாளிகளை விட்டு ஓடவில்லை. வீடு வீடாகச் சென்று பணி செய்தனர். மூன்று பத்தாண்டுகளாக அத்தெருக்களில் நடந்து பழகிய கால்களுக்கு, எந்த மாடியில் எந்த ஏழை படுத்திருக்கிறார் என்று யாரும் வழிசொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறு ஆண்டில், 1833இல், பிரெடரிக் ஓசானம் என்னும் இருபது வயதுக் கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சங்கமே, இன்று நம் பங்குகளில் ஏழைகளின் இல்லங்களைச் சந்தித்துவரும் வின்சென்ட் தே பவுல் சங்கம். அந்த மாணவர்களுக்கு ஏழைகளின் வீடுகளுக்கு வழிகாட்டியவர் சகோதரி ரோசலியே. 2003 நவம்பர் 9 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

அரிசி மட்டும் போதுமா?

கூடத்தின் பணி பசி தீர்ப்பதோடு முடிந்துவிடுவதில்லை. தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1 அன்றுதான். பத்தொன்பது மாதங்களுக்கும் மேலாகச் சின்னஞ்சிறு பிள்ளைகள் கரும்பலகையைக் காணவில்லை. கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. அது பெரும் உதவியே. ஆயினும் செல்பேசி ஒன்றே உள்ள வீட்டில் அது தந்தையோடு வேலைக்குப் போய்விட்டால், மூன்று பிள்ளைகள் என்ன செய்வர்? அப்படியே செல்பேசி கிடைத்தாலும் பெரும்பாலும் அது அண்ணன் கையில் இருக்கும். தங்கை கையில் துடைப்பம் இருக்கும். இதைச் சொல்ல நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. பல வீடுகளின் நிலை இதுவே.

இந்த இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டபோது, தெருவிலேயே வாழும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை வேளையில் இருபது பிள்ளைகள் வரை சேர்த்து அமர்த்திக் கற்பித்தனர். திண்ணையும் கோயில் மண்டபமும் சமுதாயக் கூடமும் வகுப்பறைகளாயின. எழுத்தை மறந்துபோன பிள்ளை, கேலிக்கு அஞ்சாமல் மறுபடியும் அரிச்சுவடியைத் தொடங்க இடம் கிடைத்தது.

பெண்களாகிய நாம் மற்றொன்றையும் துணிந்து பேச வேண்டும். ஊரடங்குக் காலத்தில் குழந்தைத் திருமண முயற்சிகள் பற்றிப் பல மாவட்டங்களிலிருந்து செய்திகள் வந்தன. பள்ளியும் இல்லை, வருமானமும் இல்லை, வயதுக்கு வந்த பெண்ணை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது என்பது பெற்றோரின் கவலை. வீட்டுக்குள் அடிபடும் பெண்களின் புகார்கள் பெருகின என்று தேசிய மகளிர் ஆணையமும் 2020 ஏப்ரலிலேயே தெரிவித்தது. 1098 என்ற எண்ணும் 181 என்ற எண்ணும் உதவிக்கு உண்டு. ஆனால் அடிப்பவரின் கையிலேயே செல்பேசியும் இருந்தால் அழைப்பது எப்படி? குழந்தைக்கு எடை பார்க்க, சத்துமாவு வாங்க என்று சொல்லிக்கொண்டு பத்து நிமிடம் போய்வர ஓர் இடம் அருகில் இருந்தால், அங்கே காதுகொடுத்துக் கேட்க ஓர் அக்கா இருந்தால், ஒரு பெண்ணின் வாழ்வு காப்பாற்றப்படலாம். வகுப்பில் காலியாகிவிட்ட ஓர் இருக்கை மீண்டும் நிரம்பலாம்.

எழுப்பப்படும் தடைகள்

கூட்டம் சேர்ந்தால் நோய் பரவாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2020 மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து நோய் பல மாவட்டங்களுக்குப் பரவியதை நாம் மறக்கவில்லை. ஆனால் அது உணர்த்துவது என்ன? ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்துக்குச் செல்ல நேர்ந்தால் ஆபத்து. ஒவ்வொரு தெருவுக்கும் தேவையானது அந்தத் தெருவிலேயே கிடைத்தால் ஆபத்துக் குறைவு. சிறிய கூடங்கள் பல இருப்பது, பெரிய கூட்டத்தைத் தவிர்க்கும் வழியே ஆகும்.

எல்லாவற்றையும் அரசே பார்த்துக்கொள்ளும், பணத்தை வங்கிக் கணக்கில் போட்டால் போதும் என்பர் வேறு சிலர். பணம் தேவைதான். ஆனால் படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு மாத்திரை வாங்கிவரப் பணத்துக்குக் கால் முளைக்குமா? நோயுற்ற தாய் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டால், பிள்ளைகளுக்கு வாசலில் சோறு வைத்துவிட்டு, எட்ட நின்று நலம் கேட்க வங்கியால் இயலுமா? அரசின் கை நீளமானது. ஆனால் விரல்களாக நாம்தான் இருக்க வேண்டும்.

மாணவியருக்குப் படிப்புதான் முக்கியம், இதெல்லாம் எதற்கு என்று நம் வீட்டுப் பெரியவர்களும் கூறுவர். அவர்களுக்குப் பணிவோடு நாம் கூறும் விடை இது: வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரு சிறுமிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தால், நம் படிப்பு குறையாது, நிறையும்.

நாம் செய்ய வேண்டியவை

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடிநிலை முடிந்தது என அறிவித்தது. ஆகவே நாம் இப்போது வாழ்வது நல்ல நாட்களில். அணை போட ஏற்ற காலம் இதுவே.

முதலாவதாக, நம் பகுதியின் சமுதாயக் கூடமோ பங்கு மண்டபமோ நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரமாவது திறந்திருக்கப் பெரியோரை வேண்டுவோம். ஒரு செய்தித்தாள், சில நூல்கள், பிள்ளைகள் அமர்ந்து படிக்க ஒரு பாய் இருந்தால் போதும். சாதி, சமயம் பாராமல் அனைவருக்கும் அது திறந்திருக்க வேண்டும். நல்ல சமாரியன் உவமையை ஆண்டுதோறும் கேட்கும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

இரண்டாவதாக, தெருவுக்கு ஒரு பெயரேடு வேண்டும். தனியே வாழும் முதியோர், கைக்குழந்தை உள்ள வீடு, நாள்தோறும் மருந்து உண்போர், புதிதாகக் குடிவந்தோர் ஆகியோரின் விவரத்தை, அவர்களுடைய இசைவோடு, பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் எழுதி வைத்துக் காக்க வேண்டும். புதிதாக வந்தவர் பெயர் அதில் முதலில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவதாக, கொடுக்கும்போது மதிப்போடு கொடுக்க வேண்டும். ஐந்து கிலோ அரிசியைக் கையில் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டும் வழக்கம் கொரோனாக் காலத்தில் பெருகியது. வாங்கும் கை கூசுமாறு கொடுப்பது ஈகை ஆகாது. மறைவாகக் கொடுக்க நற்செய்தி நமக்குக் கற்பித்திருக்கிறது.

நான்காவதாக, இப்பணியை ஏற்கெனவே செய்துவருவோரைப் போற்ற வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் சிறப்புக் காலமுறை ஊதியம் பெற்றே உழைக்கின்றனர். நோய்க்காலத்தில் கைதட்டிப் பாராட்டியதோடு நம் கடன் தீர்ந்துவிடுமா? அவர்களுடைய ஊதியமும் பணிப் பாதுகாப்பும் உயர வேண்டுமென்று நாளைய வாக்காளர்களாகிய நாம் குரல் கொடுக்க வேண்டும்.

அன்புத் தோழியரே! அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று நாம் அறியோம். வராமலேயே இருக்க இறைவனை வேண்டுவோம். ஆனால் காய்ச்சலும் கடனும் தனிமையும் முதுமையும் நாள்தோறும் ஏதேனும் ஒரு வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. நல்ல நாளில் திறந்த கதவு, பெருநோய் வந்தாலும் உதவும், வராவிட்டாலும் உதவும். ஆகவே இவ்வாண்டு விடுமுறையில் நம் தெருக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டறிவோம். பூட்டைத் திறப்போம். தூசி தட்டுவோம். பாயை விரிப்போம். பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்து வருவோம்.